நவாப் சாப்பிடவில்லை

எங்கள் வீட்டில் நவாப் என்றால் பல்லி. சுவரில் ஓடுகிற சாதாரணப் பல்லி இல்லை, சோலிஸ்தான் பாலைவன மணலில் வாழும் புள்ளிப் பல்லி. ஒரு சாண் நீளம், மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளிகள், முள்ளங்கி மாதிரிப் பருத்த வால். சுவர் ஏறத் தெரியாது. மற்றப் பல்லிகளுக்கு இல்லாத கண்ணிமை இதற்கு உண்டு. ஆளைப் பார்த்து நிதானமாகக் கண்ணை மூடித் திறக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஊரில் பாதிப் பேர் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போக ஆரம்பித்தார்கள்.

இந்தப் பல்லி கடித்தால் தண்ணீர் கேட்கக்கூட நேரம் இருக்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கடிக்கவே வேண்டாம், மூச்சுப் பட்டால் போதும் என்பவர்களும் உண்டு. அதற்கு விஷமே கிடையாது என்று தொண்டை வற்றச் சொல்லிப் பார்த்தேன். யார் கேட்டார்கள். எனக்குப் பூச்சிமருந்துக் கடை. பதினோரு வருஷமாகப் பருத்திக்கும் கோதுமைக்கும் மருந்து விற்கிறேன். எது விஷம், எது விஷமில்லை என்று என்னிடமே பாடம் எடுக்க வந்தால் எனக்குக் கோபம் வரும்.

கொழுத்த புள்ளிப் பல்லிக்குக் கராச்சியில் லட்சக்கணக்கில் தருகிறார்கள் என்று ஒரு காலத்தில் எங்கள் பக்கம் புரளி கிளம்பியது. ஊரே மணலைக் கிளறிக்கொண்டு திரிந்தது. என் மைத்துனன் ரம்ஜானும் திரிந்தான். ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் வைத்தான். வாங்க வருவதாகச் சொன்ன ஆள் வரவே இல்லை. அதற்குள் என் மகள் ஷுமைலா அதற்குப் பெயர் வைத்துவிட்டாள். இரை எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் மூக்குக்கு நேரே கொண்டுவந்து நீட்டினால்தான் வாயைத் திறக்கும், அதனால் நவாப்.

இரண்டு வருஷம் அவள்தான் வளர்த்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பருத்திமார்க் குவியலுக்கு அடியில் கையை விட்டுச் சில்வண்டு பிடிப்பாள். மூடியில் துளை போட்ட ஊறுகாய் பாட்டிலில் அடைத்துவைத்து, மாலையில் ஒவ்வொன்றாகக் கொடுப்பாள். நவாப் விழுங்கிவிட்டு நாக்கால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். என் மனைவி தாஜோ அந்தப் பக்கமே திரும்ப மாட்டாள்.

அந்தத் திங்கள்கிழமை நான் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்தேன். தாஜோ ஒரு வாரமாக மாவில் வண்டு, மாவில் வண்டு என்று புலம்பிக்கொண்டிருந்தாள். கோதுமை மூட்டைகளைப் பிரித்து, கடையிலிருந்து கொண்டுவந்த வண்டு மாத்திரைகளைத் துணியில் சுற்றி உள்ளே புதைத்து, வாயை இறுக்கித் தைத்தேன். வெளியே பனிமூட்டத்தில் சாக்கு நனைந்து போகும் என்று நாங்கள் படுக்கும் அறையிலேயே அடுக்கினேன். குளிர்காலத்தில் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் கோதுமையும் ஆட்களும் ஒரே அறையில்தான்.

மறுநாள் நவாப் சாப்பிடவில்லை.

"அப்பா, வாயையே திறக்க மாட்டேங்குது," என்றாள் ஷுமைலா.

"குளிரும்மா. இதுங்க எல்லாம் குளிர்ல சாப்பிடாது."

"போன வருஷக் குளிர்ல சாப்பிட்டுச்சே."

"போன வருஷம் இவ்வளவு குளிர் இல்ல."

அவளுக்கு அது போதவில்லை. தன் படுக்கையை நவாப்பின் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் போட்டுக்கொண்டாள். கிண்ணு ரக ஆரஞ்சு வந்த பழைய மரப்பெட்டி அது, மேலே கம்பிவலை அடித்தது. பக்கத்தில் தானும் படுத்தால் அதற்குக் குளிராது என்பது அவள் கணக்கு.

புதன்கிழமை காலை தாஜோதான் முதலில் பார்த்தாள். தேநீர்க் கோப்பையோடு வந்தவள் நடு அறையில் நின்றுவிட்டாள்.

"இங்க வாங்க. இது ஏன் இப்படி நிக்குது?"

பகல் முழுக்க ஓட்டுச் சில்லுக்கு அடியில் முடங்கிக் கிடக்கும் பிராணி, பின்னங்கால்களில் எழுந்து நின்றுகொண்டிருந்தது. முன்னங்கைகளைப் பலகையில் ஊன்றி, தலையை எட்டுமட்டும் உயர்த்தி, மூக்கைக் கம்பிவலையின் கண்ணில் வைத்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஆள் நிற்கிற மாதிரி நின்றது. நான் விரலால் பெட்டியைத் தட்டினேன். அது கண்ணை மட்டும் ஒரு முறை மூடித் திறந்தது, இறங்கவில்லை.

"வெளிய போகப் பார்க்குது, வேற என்ன," என்றேன். எனக்கே அந்த நிலை பிடிக்கவில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

பாட்டிலில் இருந்த சில்வண்டுகள் எல்லாம் மல்லாந்து கிடந்தன. ஷுமைலா வேறு பிடித்து வந்தாள். அவையும் சாயங்காலத்துக்குள் செத்தன. அன்று மாலை விளக்கு வைத்த பிறகு தாஜோ காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணு கவனிச்சீங்களா? சத்தமே இல்ல."

"என்ன சத்தம்?"

"எந்தச் சத்தமும். பூச்சி கத்தல. கொசு இல்ல. நேத்து வரைக்கும் காதுல வந்து பாடிச்சு. இன்னைக்கு ஒண்ணு கூட இல்ல. எறும்பு கூட வரல."

"அதுக்கும் அழுவியா? கொசு இருந்தா இருக்குன்னு திட்டுற, இல்லன்னா இல்லன்னு திட்டுற."

"ஒரு நாத்தம் வேற அடிக்குது. பூண்டு அழுகுற மாதிரி."

"நீதானே கீரைக்குத் தாளிச்ச."

"பூண்டு தீர்ந்து நாலு நாளாச்சு," என்றாள் தாஜோ. பெட்டியைப் பார்த்தாள். "அதோட மூச்சுதான் அது. வாயைத் திறந்து வச்சுக்கிட்டு ஊதுது."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என் முகத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

வியாழக்கிழமை ஷுமைலா ரொட்டியைத் தொடவில்லை. பாலைக் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தலை வலிக்கிறது, வயிறு புரட்டுகிறது என்றாள். எனக்கும் காலையிலிருந்து தலை கனத்துக் கிடந்தது. பனியில் எல்லோருக்கும்தான் தலை வலிக்கும் என்று கடைக்குப் போனேன். கடையில் தலைவலி விட்டுவிட்டது. வீட்டுக்கு வந்ததும் திரும்ப வந்தது. அதை நான் கவனித்தேன். கவனித்து என்ன செய்தேன், ஒன்றும் செய்யவில்லை.

சாயங்காலம் தாஜோ படுக்கைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க போற?"

"நானும் பிள்ளையும் அடுப்படியில படுக்கிறோம். இந்த அறையில என்னமோ இருக்கு. அந்தப் பிசாசு மூணு நாளா பச்சத்தண்ணி இல்லாம நின்ன கால்ல நிக்குது. அது சாப்பிடாம எதைத் தின்னு உயிரோட இருக்கு? என் பிள்ளையைத் தின்னுக்கிட்டு இருக்கு."

"அடுப்படிக்குக் கதவே கிடையாது. பிள்ளை விறைச்சுப் போவா."

"விறைச்சாலும் பரவாயில்ல."

"ஒரு பல்லிக்குப் பயந்து ஹசூர் பக்‌ஷ் பொண்டாட்டி அடுப்படியில படுத்தான்னு நாளைக்கு ஊரே என் கடையில வந்து சிரிக்கும். படுக்கையை விரி."

அவள் விரிக்கவில்லை. நானே விரித்தேன். ஷுமைலாவின் படுக்கையைப் பெட்டிக்கு இன்னும் ஒரு முழம் பக்கத்தில் போட்டேன், வேண்டுமென்றே, இவளுக்கு ஒரு பாடமாக இருக்கட்டும் என்று. கணப்புச் சட்டியைக் கவனமாக வெளியே வைத்தேன். மூடிய அறையில் கரி எரிந்தால் ஆள் சாவான் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். அப்புறம் குளிர் வருகிறது என்று காற்றுத் துளையைச் சாக்கால் அடைத்தேன்.

விடியற்காலையில் தாஜோ கத்திய கத்தலில் எழுந்தேன். எழுந்தவன் அப்படியே சுவரில் சாய்ந்தேன், கால் நிற்கவில்லை. ஷுமைலா வாந்தியில் கிடந்தாள். கை கால் சில்லிட்டிருந்தது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. எப்போதும் ஏதாவது பேசிக்கொண்டே இருக்கிற பிள்ளை, கண் திறந்திருந்தும் எங்களைப் பார்க்கவில்லை. நவாப் அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தது.

பனியில் வேன் ஊர்ந்து ஊர்ந்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகச் சூரியன் ஏறிவிட்டது. சின்ன வயது டாக்டரம்மா. பிள்ளையின் கண்ணை விரித்துப் பார்த்தார், நாடி பார்த்தார், ஊசி குழாய் எல்லாம் ஏற்றச் சொன்னார்.

"என்ன சாப்பிட்டா?"

"ஒண்ணும் சாப்பிடலம்மா. பல்லி," என்றாள் தாஜோ. "வீட்டுல ஒரு புள்ளிப் பல்லி இருக்கு. அதோட மூச்சு பட்டுருச்சு."

டாக்டர் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "வீட்டுல கோதுமை வச்சிருக்கீங்களா? அதுக்கு மாத்திரை ஏதாவது போட்டீங்களா?"

அந்த நொடியில் எனக்கு எல்லாம் தெரிந்தது. செத்த சில்வண்டு, வராத கொசு, இல்லாத பூண்டின் நாற்றம், மேலே காற்றைத் தேடி நின்ற பல்லி. மூட்டை வாயைத் தைத்தால் மாத்திரையிலிருந்து கிளம்பும் விஷப்புகை உள்ளேயே இருக்கும் என்று நினைத்திருக்கிறேன், பதினோரு வருஷமாக. சாக்குக்குக் கோடிக் கண். அந்தப் புகை தரையோடு ஊர்ந்து, தரையில் படுத்திருந்த என் பிள்ளையிடம் வந்திருக்கிறது.

"இல்லங்க," என்றேன்.

"நிச்சயமா?"

"இல்லங்க. போடல."

தாஜோ பக்கத்தில் நின்றாள். அவள் நிற்காமல் இருந்தால் சொல்லியிருப்பேனா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். இதற்கு முறிவு கிடையாது, சொன்னாலும் இதே வைத்தியம்தான் பார்ப்பார்கள் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதற்காக நான் இல்லை என்று சொல்லவில்லை. வெட்கத்துக்காகச் சொன்னேன்.

மாற்றுத் துணி எடுக்கப் போகிறேன் என்று வீட்டுக்கு ஓடினேன். கதவையும் காற்றுத் துளையையும் திறந்துபோட்டேன். வாயில் ஈரத் துணி கட்டிக்கொண்டு அத்தனை மூட்டையையும் ஒற்றை ஆளாகப் பின்பக்கக் கொட்டகைக்கு இழுத்தேன். தரையில் எறும்புகள் வரிசையாகச் செத்துக் கிடந்தன, போகிற வழியிலேயே, வரிசை கலையாமல். மிச்ச மாத்திரை இருந்த குழாய் அலமாரியின் மேல் தட்டில் இருந்தது. அதைத் தொடவில்லை. அது காணாமல் போனால் தாஜோ ஏன் என்று கேட்பாள்.

கடைசி மூட்டையைப் போட்டுவிட்டு வரும்போது ரம்ஜான் முற்றத்தில் நின்றான். ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்த்துவிட்டு நேரே வந்திருந்தான். அவன் அழுதிருந்தான்.

"எங்க மச்சான் அது?"

"விடு ரம்ஜான்."

"நான்தானே கொண்டுவந்தேன். நானே முடிச்சுட்டுப் போறேன்."

பெட்டியை முற்றத்துக்குத் தூக்கி வந்து கவிழ்த்தான். நவாப் மண்ணில் விழுந்தது. ஓடவில்லை. நான்கு காலையும் ஊன்றி, நான்கு நாளில் முதல் தடவையாக மூச்சை ஆழ இழுத்தது. வயிறு உப்பி வற்றுவது எனக்குத் தெரிந்தது. அது பிழைத்திருக்கும். வெளிக்காற்றில் ஒரு நாள் விட்டால் போதும், பிழைத்திருக்கும். ரம்ஜான் செருப்பைக் கழற்றினான். என் வாயில் வார்த்தை இருந்தது. ஒரே ஒரு வார்த்தை போதும். நான் பனியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஷுமைலா பிழைத்தாள். ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தாள். பாதி எடை போயிருந்தது. வந்ததும் மூலையைப் பார்த்தாள்.

"நவாப் எங்கப்பா?"

நான் பதில் சொல்வதற்குள் தாஜோ சொன்னாள். "அது உன்னைக் கொல்லப் பார்த்துச்சு கண்ணு. மாமா அதை அடிச்சுட்டாரு."

ஷுமைலா அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் வந்து, "நான் என்னப்பா பண்ணேன் அதை?" என்று கேட்டாள். தான் ஏதோ தப்புச் செய்ததால்தான் அது தன்னைக் கொல்ல வந்தது என்று பிள்ளை நினைத்துக்கொண்டுவிட்டாள். நீ ஒன்றும் செய்யவில்லை என்றேன். அதுவரைக்கும் உண்மை. மீதியையும் சொல்ல அதுதான் நேரம், நான் கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

ஊரில் எல்லோரும் தாஜோவைக் கொண்டாடினார்கள். கடைக்கு வந்தவர்கள், "என்ன ஹசூர் பக்‌ஷ், விஷமே இல்லைன்னியே," என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டேன். கோதுமை மாத்திரை கேட்டவர்களுக்கெல்லாம் தீர்ந்துவிட்டது என்றேன். அதுவே பெரிய தியாகம் என்று நினைத்தேன்.

பத்து நாள் போயிருக்கும். ஒரு மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். தாஜோ இல்லை. பக்கத்து வசீரான் வீட்டில் பெண்கள் குரல் கேட்டது. வசீரானின் புருஷன் கராச்சியில் வேலை. நாலு மாதக் குழந்தையோடு தனியாக இருக்கிறாள். எட்டிப் பார்த்தேன். வாசலில் ஷுமைலா மிரண்டுபோய் நின்றாள். உள்ளே தாஜோவும் இன்னும் இரண்டு பெண்களும் துடைப்பத்தால் கட்டிலுக்கு அடியில், பெட்டிக்குப் பின்னால் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன தேடுறீங்க?"

"பல்லி," என்றாள் தாஜோ. "இங்கயும் ஒண்ணு புகுந்திருக்கு."

"யார் பார்த்தா?"

"பார்க்க வேணாம் பாய், தெரியுதே," என்றாள் வசீரான். சுவரில் தலையைச் சாய்த்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. "ரெண்டு நாளா இந்த அறையில ஒரு கொசு இல்ல. சுவர்க்கோழி கத்தல. அதே நாத்தம். குழந்தை நேத்துலேருந்து பால் குடிக்க மாட்டேங்குது."

அவளுக்குப் பின்னால் மூட்டைகள் இருந்தன, புதுச் சணல் போட்டு வாயைத் தைத்து.

"கோதுமைக்கு மருந்து வச்சியா?" என்று கேட்டேன்.

"தாஜோக்கா குடுத்தாங்க."

"நம்ம அலமாரி மேல இருந்துச்சே, அதுதான்," என்றாள் தாஜோ. "வண்டு வண்டுன்னு அழுதா. நம்ம வீட்டுல வச்சதுக்கு அப்புறம் ஒரு வண்டு இல்லையேன்னு எடுத்துக் குடுத்தேன். ஏன்?"

நான் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடினேன். எல்லாரையும் வெளியே வரச் சொல்லிக் கத்தினேன். வசீரானால் எழுந்து நிற்க முடியவில்லை; மற்றப் பெண்கள் இழுத்து வந்தார்கள். அந்தக் குழந்தை பிழைத்தது என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாமல் மேலே சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஆனால் அப்போது, என் கையில், அது துவண்டு கிடந்தது.

"பல்லி எங்க? பல்லியைப் பார்த்தீங்களா?" என்று யாரோ கேட்டார்கள்.

"பல்லி இல்ல," என்றேன். "அந்த மாத்திரைதான். மூட்டையிலேருந்து புகை வருது. நம்ம வீட்டுலயும் அதேதான்."

தாஜோ துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். தான் தூக்கிக் கொடுத்தது என்ன என்பது அவளுக்கு உறைக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. அவள் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"ஆஸ்பத்திரியில."

"டாக்டரம்மா கேட்டப்பவா?"

"ஆமா."

ஷுமைலா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளை நான் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள்.

ரம்ஜான் வேனைக் கொண்டுவந்தான். வசீரானைத் தூக்கிப் படுக்கவைத்தார்கள். நான் குழந்தையோடு ஏறப் போனேன். தாஜோ குறுக்கே வந்து குழந்தையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நீங்க வர வேணாம்," என்றாள். "டாக்டரம்மா கேட்பாங்க. நான் சொல்லிக்கிறேன்."